மேடையில் கண்டன்சர் மைக்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கண்டன்சரை மேடையில் வைக்காதே, ஊளையிடும்" என்று ஒலி வேலை பார்ப்பவர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கண்டன்சர் என்பது மெல்லிய ஒலியையும் பிடிக்கும், மின்சாரம் தேவைப்படும் மைக். ஊளை என்பது ஸ்பீக்கரின் சத்தம் மீண்டும் மைக்கில் புகுந்து சுற்றுவதால் எழும் ஃபீட்பேக். அந்தப் பேச்சை நம்பி, பாடுவதற்கு வைத்த, உணர்திறன் குறைந்த டைனமிக் மைக்கையே கிட்டாருக்கும் வயலினுக்கும் நீட்டிவிடுகிறார்கள். கம்பியின் பளபளப்பும் வில்லின் மெல்லிய உரசலும் அத்துடன் மங்கிவிடுகின்றன. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது. ஏனென்றால் அந்த ஊளைக்குக் காரணம் பெரும்பாலும் மைக் அல்ல, அதைக் கையாண்ட விதம்.

கெயினிலிருந்து, அதாவது மைக்கின் சிக்னலை மிக்சர் எவ்வளவு பெருக்குகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். ஒரு பாஸ்கல் ஒலியழுத்தத்துக்கு ஷூர் எஸ்எம்58 என்ற டைனமிக் மைக் தருவது ஏறத்தாழ 1.85 மில்லிவோல்ட். நாய்மன் கேஎம்184 என்ற கண்டன்சர் அதே சத்தத்துக்கு 15 மில்லிவோல்ட் தருகிறது. இரண்டுக்கும் இடையே சுமார் 18 டெசிபல் வித்தியாசம். டைனமிக்கைக் கழற்றிவிட்டு, கெயின் திருகியைத் தொடாமல் அதே சேனலில் கண்டன்சரைச் செருகினால், ஃபேடரை (சேனலின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியை) 18 டெசிபல் மேலே தள்ளியதற்குச் சமம். எந்த மைக்காக இருந்தாலும் அப்போது ஊளையிடத்தான் செய்யும். கெயினை அதே அளவு இறக்கிவிட்டுப் பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். "எங்கோ இருக்கிற சத்தத்தையெல்லாம் இழுக்கிறது" என்ற புகாரும் இந்தக் குழப்பத்தில் பிறந்ததுதான். உணர்திறன் கூடினால் வாத்தியமும் கூடும், சுற்றுச் சத்தமும் அதே அளவு கூடும். இரண்டுக்கும் உள்ள விகிதத்தை மாற்றுபவை தூரமும், எந்தப் பக்கத்து ஒலியை மைக் அதிகம் கேட்கிறது என்ற திசைப் பாங்கும்தான்.

தூரத்தில்தான் அதிகம் தவறுகிறார்கள். ஸ்டுடியோவில் கிட்டாருக்கு ஒரு மீட்டர் தள்ளி மைக் வைப்பார்கள், அங்கே அது அழகு. மேடையில் அதே தூரம், கலைஞர் தன் ஒலியைக் கேட்க வைத்த மானிட்டர் ஸ்பீக்கரின் சத்தத்தைத்தான் கொண்டுவரும். 60 செ.மீ. தூரத்தை 30 ஆகக் குறைத்தால் வாத்தியத்தின் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் கூடும், மானிட்டரிலிருந்து வருவது அநேகமாக அப்படியே இருக்கும். ஒரு பைசா செலவில்லாமல் கிடைக்கிற ஆதாயம் இது.

அதற்காக ஒட்டி வைப்பதும் சரியல்ல. கிட்டாரின் வட்டத் துளைக்கு நேராக மைக்கை வைப்பது நான் அடிக்கடி பார்க்கும் காட்சி. சத்தம் அங்கிருந்துதானே வருகிறது என்று தோன்றும். ஆனால் கிட்டார் உடலுக்குள் இருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸ் அருகில் அதிரும். துளையின் முன்னால் அந்த அதிர்வுதான் மேலோங்கும். திசைப் பாங்குள்ள மைக் அருகில் வந்தால் கீழ்ச் சுருதிகள் தாமாகவே தடிப்பதும் சேர்ந்துகொள்ளும். பிறகு, ஒலியின் கீழ், மேல் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் எவ்வளவு வெட்டினாலும் ஒலி தெளியாது. 12வது ஃபிரெட்டுக்கு நேராக, 15 முதல் 30 செ.மீ. தள்ளி, கழுத்து உடலோடு சேரும் இடத்தைப் பார்த்து வையுங்கள். வாசிப்பவர் அசைவார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்: 15 செ.மீ. தூரம் 25 ஆனால் 4 டெசிபலுக்கு மேல் போய்விடும். மைக்கை எங்கே வைத்திருக்கிறோம், ஏன் என்று கலைஞரிடம் ஒரு நிமிடம் பேசிவிடுங்கள். மேடையில் நடந்து வாசிப்பவருக்கு ஸ்டாண்ட் வேண்டாம், வாத்தியத்திலேயே மாட்டும் சின்ன கண்டன்சர் போதும்.

வயலினுக்கு மேலிருந்து, பாலத்தை நோக்கி, வில்லின் பாதையில் குறுக்கிடாமல். மிக நெருங்கினால் உரசல்தான் பெரிதாகக் கேட்கும். புல்லாங்குழலுக்கு வாய்த்துளையின் முன்னால் வைக்கவே கூடாது, மூச்சுக்காற்று நேராக மைக்கில் அடிக்கும். சற்று மேலே, விரல்கள் பக்கமாகத் தள்ளி வைத்து, ஸ்பாஞ்ச் உறை போடுங்கள்.

மானிட்டரை எங்கே வைப்பது? "மைக்குக்குப் பின்னால்" என்பது கார்டியாய்டு என்ற திசைப் பாங்குக்கு மட்டுமே சரியான பதில். அதற்கு 180 டிகிரியில், நேர் பின்னால் காது மந்தம். அதைவிடக் குறுகலாகக் கேட்கும் சூப்பர்கார்டியாய்டுக்கு அந்த மந்தப் புள்ளி சுமார் 126 டிகிரியில், ஹைப்பர்கார்டியாய்டுக்குச் சுமார் 110 டிகிரியில் இருக்கிறது. ஹைப்பர்கார்டியாய்டு நேர் பின்னால் வருவதை வெறும் 6 டெசிபல்தான் குறைக்கும். அங்கே மானிட்டரை வைத்துவிட்டு மைக்கைத் திட்டுவது நியாயமில்லை. பெரிய டயாஃப்ரம் (ஒலியில் அதிரும் படலம்) உள்ள மைக்குகளில் இன்னொரு சிக்கல்: பெரும்பாலானவை நுனியால் அல்ல, பக்கவாட்டால் கேட்பவை. ஆரம்ப காலத்தில் ஒரு செல்லோவை நோக்கி அப்படிப்பட்ட மைக்கின் நுனியை நீட்டி வைத்து, அரைமணி நேரம் ஈக்யூவோடு போராடியிருக்கிறேன். வாங்கியதும் எது முன்பக்கம் என்று பார்த்துவிடுங்கள்.

திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஃபீட்பேக்குக்கு முன் கிடைக்கும் இடைவெளி சுமார் 3 டெசிபல் சுருங்கும். வாசிக்காதவரின் சேனலை மூடிவையுங்கள். வாத்தியத்தில் பிக்கப் (அதிர்வைப் பிடிக்க அதிலேயே பதித்த உணரி) இருந்தால், மானிட்டருக்கு அதை மட்டும் அனுப்பி, கண்டன்சரைப் பார்வையாளர் பக்க ஸ்பீக்கருக்கு மட்டும் விடுங்கள். என் அனுபவத்தில் இவ்வளவு பயன் தரும் வழி வேறில்லை. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் சிக்னலைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பொத்தானை ஒருமுறை தட்டிப் பாருங்கள். ஒலி எப்போது கனமாகிறதோ அதுவே சரியான நிலை.

கீழ்ச் சுருதிகளை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டரைப் பலர் தொடுவதே இல்லை. வழக்கமான சுருதியில் வயலினின் அடிக்கம்பி 196 ஹெர்ட்ஸ், கிட்டாரின் அடிக்கம்பி 82. வயலினுக்கு 150 வரை வெட்டினாலும் வாத்தியத்துக்கு நட்டமில்லை. காலடி அதிர்வும் பேஸ் ஸ்பீக்கரின் உறுமலும் மட்டும் போகும்.

கண்டன்சருக்குக் கேபிள் வழியே மின்சாரம் தரும் 48 வோல்ட் ஃபேண்டம் பவரைப் போடும்போதும் எடுக்கும்போதும் சேனல் மூடியிருக்க வேண்டும். கேபிளைச் செருகும்போதும் அப்படியே. திறந்த சேனலில் எழும் அந்த ஒரு 'டப்' ஸ்பீக்கரைக் கெடுக்கப் போதுமானது.

மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க ஊதவோ தட்டவோ செய்யாதீர்கள். உள்ளே இருப்பது சில மைக்ரான் தடிமனுள்ள படலம். வாய் ஈரம் அதில் படிந்தால் பொரிவது போன்ற சத்தம் வரத் தொடங்கும். பேசிப் பாருங்கள், அல்லது விரலைச் சொடுக்குங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் ஸ்டாண்டிலேயே விட்டுவிடாமல், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட பெட்டிக்குள் வைத்து மூடுங்கள்.