மலையகத்தில் பறவை பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வேன் பிடித்து நுவரெலியா வரைக்கும் வந்து, நாள் முழுக்கச் சுற்றிவிட்டு, "காகத்தைத் தவிர ஒன்றையும் காணவில்லை" என்று சொல்லித் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். இலங்கைக்கே உரிய பறவைகள் முப்பதுக்கு மேல் இருக்கின்றன, அவற்றில் மஞ்சள்காதுக் கொண்டைக்குருவி மாதிரிச் சிலவற்றைப் பார்க்க இந்த மலைக்குத்தான் வர வேண்டும். பறவைகள் இருக்கின்றன, நாம் போகிற விதம்தான் பிழை.

முதலில் நேரம். ஹோட்டன் சமவெளியின் வாசல் காலை 6 மணிக்குத் திறக்கும், ஆனால் நம்மவர்கள் பாணும் பருப்பும் ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கு வேனில் ஏறுவார்கள். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம், எல்லோரும் பார்க்கப் போகிற 'உலக முடிவு' என்ற செங்குத்துப் பள்ளத்தில் பெரும்பாலும் மூடுபனி ஏறிவிடும். பாதையோரத்தில் அரெங்கா குளம் என்று ஒரு சின்னக் குளம் இருக்கிறது. தோளில் நீலப் பட்டை மின்னும் கருநீலச் சீழ்க்கைக்குருவிக்கு அரெங்கா என்றும் பெயர், அந்தப் பெயர்தான் குளத்துக்கும். அந்தக் குருவி நன்றாக விடிவதற்கு முன்னும் இருட்டும் நேரத்திலும்தான் தண்ணீரோரம் வெளியே வரும், மற்ற நேரமெல்லாம் புதருக்குள்தான். ஆக, வாசல் திறக்கும்போதே வரிசையில் நிற்க முடியாதென்றால் முதல் நாளே வந்து பட்டிப்பொல, ஒஹிய பக்கம் எங்காவது தங்கிவிடுங்கள்.

ஒரே நாளில் ஹோட்டன் சமவெளி, ஹக்கலைப் பூங்கா, கிரகரி வாவி, பின்னேரம் எல்ல என்று திட்டம் போடுவதும் அப்படித்தான். நாள் முழுக்க வேனுக்குள்ளேயே போய்விடும். ஓர் இடம் போதும்.

அந்த ஓர் இடத்திலும் நடந்துகொண்டே இருக்காதீர்கள். மலைக்காட்டில் சின்னப் பறவைகள் பல இனமாகச் சேர்ந்து இரை தேடித் திரியும். அரை மணி நேரம் காடு வெறிச்சென்று கிடக்கும், திடீரென்று மேலே ஒரு கிளை அசையும், பிறகு வெள்ளைக்கண்ணிகள் ஐந்தாறு, அவற்றின் பின்னால் சாம்பல் தலை ஈப்பிடிப்பான், அடிமரத்தில் தலைகீழாக இறங்கும் பசைஎடுப்பான் என்று கொஞ்ச நேரத்துக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்றே தெரியாது. அப்புறம் மறுபடி அமைதி. நடந்துகொண்டே பேசுகிறவர்களுக்கு இது நடந்ததே தெரியாது. நிற்கும் நேரத்தில் மேலேயே பார்க்காமல் பாசி படிந்த அடிமரங்களையும் மெதுவாகப் பாருங்கள். மூக்கு நுனியில் ஒற்றைக் கொம்போடு கொம்பு ஓணான் ஒட்டிக்கொண்டிருக்கும், அசையவே அசையாது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் தொட வேண்டாம். பைனாகுலர் வாங்குகிறவர்கள் பன்னிரண்டு, பதினாறு மடங்கு என்று பெரிசாகத் தேடாதீர்கள், மங்கலான காட்டுக்குள் 8×42 (எட்டு மடங்கு, 42 மி.மீ. முன்வில்லை) தான் கைக்கு அடங்கும், வெளிச்சமும் தரும்.

நுவரெலியா டவுனுக்குள் இருக்கும் விக்டோரியா பூங்காவைப் பலர் பூப் பார்க்கிற இடமாக மட்டும் நினைக்கிறார்கள். குளிர்காலத்துக்கு இங்கே வரும் பறவைகளைப் பார்க்க அதைவிட வசதியான இடம் மலையகத்தில் எனக்குத் தெரியாது. காஷ்மீரில் கூடு கட்டும் செம்மார்பு ஈப்பிடிப்பானும், இமயமலை அடிவாரம் தொடங்கித் தெற்கே மத்திய இந்தியா வரை குஞ்சு பொரிக்கும் ஆறுமணிக்குருவியும் அங்கே வரும். பூப்பாத்தியில் தேடாதீர்கள், ஓடையோரத்தில், சருகு குவிந்து கிடக்கும் ஈர மண்ணில் தேடுங்கள். ஒக்டோபர் முதல் மார்ச் வரைதான் நல்ல காலம். ஜூலையில் வந்து ஆறுமணிக்குருவி எங்கே என்றால் அது இந்த நாட்டிலேயே இல்லை, ஏப்ரல் வசந்த காலக் கூட்டத்திலோ எந்தப் பறவையையும் நிம்மதியாகப் பார்க்க முடியாது.

இனி, பறவைக்கே கெடுதலாகிற தவறுகள். போனில் குரலைப் போட்டுப் பறவையை வரவைப்பது இப்போது சர்வசாதாரணமாகிவிட்டது. தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் வந்துவிட்டது என்று நினைத்து, இரை தேடுவதை விட்டு, சில நேரம் கூட்டையே விட்டுவிட்டு அது பாய்ந்து வரும். காலையில் வருகிற ஒவ்வொரு குழுவும் இதைச் செய்தால் அந்தக் குருவி எப்போது தின்னும்? தயவுசெய்து வேண்டாம். ஹோட்டன் சமவெளியில் வாகனம் நிறுத்தும் இடத்துக்கு வரும் மரைக்கு பிஸ்கட் நீட்டுவதும் வேண்டாம். சாப்பாட்டு வாசம் ஒட்டிய பொலித்தீனையும் அது சேர்த்து விழுங்கும். வாசலில் பொலித்தீனைச் சோதித்து எடுத்துவிடுவது சும்மா இல்லை.

நான் அதிகம் பயப்படுவது குளவிக்குத்தான். காட்டோரத் தேயிலை மலைகள் பறவை பார்க்க அருமையான இடம், அதனால் யாரிடமும் கேட்காமல் உள்ளே இறங்கிவிடுகிறோம். குளவிக் கொட்டுக்கு ஆளாகி ஆஸ்பத்திரிக்குப் போகிற கொழுந்து பறிக்கும் பெண்களைப் பற்றி அடிக்கடி செய்தி வருகிறது, உயிர் போனவர்களும் உண்டு. கூடு உயர்ந்த மரத்திலும் இருக்கும், தேயிலைச் செடிக்குள்ளும் இருக்கும். தேன் பருந்து வந்து கூட்டைப் பிய்க்கும்போது கலைந்த குளவிகள் கீழே நிற்கிறவர்கள் மேல்தான் பாயும். அந்தக் காட்சியைப் படம் எடுக்க கேமராவோடு மரத்தடிக்கு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். எதிர்ப்பக்கம் ஓடுங்கள், படம் போனால் போகட்டும். மலைக்குள் இறங்குவதற்கு முன்னால் தோட்டத்தில் அனுமதி கேளுங்கள், அங்கே வேலை செய்கிற அக்காமாரிடம் "இந்தப் பக்கம் கூடு இருக்கா?" என்றும் கேளுங்கள். எந்த மரத்தில் கூடு, எந்த ஓடையோரம் காட்டுக்கோழி இறங்கும், நேற்று இரவு நாய் எந்தப் பக்கம் குரைத்தது, எல்லாம் அவர்களுக்குத் தெரியும். (அட்டைக்கு இவ்வளவு பயம் தேவையில்லை. நீளமான காலுறையும் கொஞ்சம் சவர்க்காரமும் போதும், கடித்தால் நகத்தால் தள்ளிவிடுங்கள், நெருப்பு வைக்காதீர்கள்.)

நாய் குரைத்தது என்றால் சிறுத்தையாக இருக்கலாம். அதைத் தேடி இருட்டில் தோட்டப் பாதையில் டோர்ச் அடித்துக்கொண்டு போகாதீர்கள், விடிந்ததும் அதே பாதையில்தான் பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கிறார்கள், விரட்டப்பட்ட விலங்கு எங்கே போய் ஒதுங்கும் என்று யாருக்கும் தெரியாது. காட்டுப் பன்றிக்கு என்று வைக்கும் கம்பிச் சுருக்கில் சிறுத்தைகளும் மாட்டுகின்றன. 2020இல் நல்லதண்ணிப் பக்கம் சுருக்கில் அகப்பட்ட ஒரு கருஞ்சிறுத்தை, சிகிச்சை கொடுத்தும் பிழைக்கவில்லை. வேலியோரத்தில் சுருக்கைக் கண்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு வனஜீவராசிகள் அலுவலகத்துக்கு உடனே சொல்லுங்கள். விலங்கு உயிரோடு மாட்டியிருந்தால் கிட்டப் போகாதீர்கள், ஆட்களைக் கூட்டாதீர்கள். சிறுத்தையையோ கூட்டில் இருக்கும் பறவையையோ படம் எடுத்திருந்தால், தோட்டத்தின் பெயரை எழுதாமல் போடுங்கள்.