கூஸ் குஞ்சு ஆணா, பெட்டையா? நடத்தையை வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

சாதாரண வாத்தில் இது சுலபம். வளர்ந்த ஆணுக்கு வாலில் சுருள் இறகு வந்துவிடும். கூஸில் (வாத்தைவிடப் பெரிய, நீண்ட கழுத்துள்ள பறவை) அந்தச் சுருளும் கிடையாது, பெரும்பாலான இனங்களில் நிற வித்தியாசமும் கிடையாது. பில்கிரிம் இனத்தில் ஆண் வெள்ளையாகவும் பெட்டை சாம்பல் நிறமாகவும் வளரும். உங்களிடம் இருப்பது அதுதான் என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டாம். எச்சத்துளையைப் பிதுக்கிப் பார்ப்பது உறுதியான வழிதான், ஆனால் பழகாத கை பட்டால் குஞ்சுக்குக் காயமாகும். தெரிந்தவர் செய்து காட்டாமல் அதில் இறங்காதீர்கள்.

படி 1: ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் கால் வளையம் போடுங்கள். பலர் கேபிள் டையைக் கட்டிவிடுகிறார்கள்; எனக்கு அது அறவே பிடிக்காது. குஞ்சின் கால் வேகமாகப் பருக்கும், டை நெகிழாது, சதையை அறுத்துவிடும். சுருள் பிளாஸ்டிக் வளையமே நல்லது. அதையும் அடிக்கடி பார்த்துப் பெரிய அளவுக்கு மாற்ற வேண்டும்.

படி 2: காத்திருங்கள். கீச்சுக் குரல் மாறி, இறகு முழுதாக முளைக்க இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அதற்கு முன் சொல்வதெல்லாம் ஊகம்.

படி 3: பழக்கமில்லாத ஒருவரைக் கூட்டத்தை நோக்கி நிதானமாக நடந்துவரச் சொல்லுங்கள். நீங்கள் மறைவாக நில்லுங்கள். உங்களைக் கண்டால் எல்லாம் உங்களிடமே ஓடிவரும், சோதனை கெட்டுவிடும்.

எல்லோரும் வழுக்கும் இடம் இதுதான். எது சீறுகிறது என்று பார்த்து, அதை ஆண் என்று எழுதிவிடுகிறார்கள். பெட்டையும் நன்றாகவே சீறும். வாயை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள். ஆண் பெரும்பாலும் வந்தவருக்கும் கூட்டத்துக்கும் நடுவில் வந்து நிற்கும். கழுத்தைத் தரையோடு நீட்டி இரண்டடி முன்னேறும். பெட்டை நின்ற இடத்திலேயே சீறிவிட்டுப் பின்வாங்கும். ஆள் விலகியதும் ஆண் திரும்பி வந்து, கழுத்தை நீட்டித் தன் கூட்டத்திடம் ஆரவாரம் செய்யும். விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லாரன்ஸ் சாம்பல் கூஸ்களிடம் விரிவாக ஆராய்ந்த 'வெற்றிச் சடங்கு' இதுதான். பெட்டைகளும் அதில் சேர்ந்துகொள்ளும் என்பதால், யார் தொடங்கியது என்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. முரட்டு ஆண் ஒன்று இருந்தால், அடங்கிப்போன இரண்டாவது ஆண் பெட்டைகளுக்குள் பெட்டை மாதிரியே நிற்கும். முரடனைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அடைத்துவிட்டு, வேறொரு நாள் அதே சோதனையைச் செய்யுங்கள். அதுவரை பதுங்கி நின்றது சட்டென்று முன்னால் வரும்.

படி 4: குரல். ஒன்றை மட்டும் வலைக்கு அந்தப்பக்கம் விட்டால் கூட்டத்தைக் கூப்பிட்டுக் கத்தும். ஆணின் குரல் மெலிந்து, உச்சத்தில் கிறீச்சிடும். பெட்டையுடையது தாழ்ந்து கரகரக்கும். பெரிய உடம்புக்குக் கனத்த குரல் என்று எதிர்பார்ப்பவர்கள் இதைத் தலைகீழாக எழுதிக்கொள்வார்கள். போனில் பதிவு செய்து, பறவையைப் பார்க்காமல் கேளுங்கள். ஒரே இனத்துக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். அலைவரிசைப் படம் வரையும் செயலிகள் எல்லாம் வீண் வேலை, காது போதும்.

படி 5: உடம்போடு ஒத்துப்பாருங்கள். ஆணுக்குத் தலை பெரிது, கழுத்து நீளமும் தடிப்பும் கூடுதல். சீன, ஆப்பிரிக்க இனங்களில் அலகின் மேலுள்ள புடைப்பு ஆணுக்கு முந்தியும் பெரிதாகவும் வரும். நடத்தை, குரல், உடம்பு மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தால் எழுதிக்கொள்ளலாம்; இல்லையென்றால் கேள்விக்குறியோடு விடுங்கள்.

பின்சேர்க்கை: ஒற்றைக் குஞ்சைக் கையில் வளர்த்த ஒருவர், படி 3 பலிக்கவில்லை என்றார். பலிக்காது. அது மனிதரையே தன் இனமாக எண்ணிப் பழகியிருக்கும். அதற்கு இறகை அனுப்பி மரபணுச் சோதனை செய்வதே வழி.

தண்ணீரில் இணைசேரும்போது எது மேலே ஏறுகிறதோ அது ஆண்தானே என்றும் கேட்கிறார்கள். பெட்டை மேல் பெட்டை ஏறுவதுண்டு. இரண்டு ஆண்கள் ஜோடி சேர்வதும் உண்டு. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முட்டைதான் முடிவான சாட்சி, ஆனால் பல இனங்களில் அதற்கு இரண்டாம் வயதுவரை பொறுக்க வேண்டும். அப்போதும் கூட்டருகே நிற்பதைப் பார்த்துப் பெட்டை என்று முடிவுகட்ட வேண்டாம், ஆண் அங்கேதான் காவல் நிற்கும். முட்டை மேல் அடைகாத்து உட்கார்ந்திருப்பதன் வளைய நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.