இந்திரசபாவைக் கூத்துக் கொட்டகைக்குக் கொண்டுவரும் முறை

1932இல் வெளிவந்த ‘இந்திரசபா’ என்ற உருதுத் திரைப்படத்தின் கதையைக் கூத்தாகப் பழக்க விரும்பும் வன்னி இளைஞர்கள், அது சினிமாவுக்கென்று பிறந்த கதையன்று என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். லக்னோ நகரத்துக் கவிஞர் ஆகா ஹசன் அமானத் 1853ஆம் ஆண்டளவில் எழுதிய பாட்டு நாடகமே அதன் மூலம். பார்சி நாடகக் குழுக்கள் ஊர் ஊராக ஆடிப் புகழ்பெறச் செய்த அந்தக் கதையை, கல்கத்தாவின் மதன் தியேட்டர்ஸ், ஜே. ஜே. மதனின் இயக்கத்தில், நிசாரையும் ஜகானாரா கஜ்ஜனையும் கொண்டு பேசும்படமாக்கியது. மூன்றரை மணி நேரப் படத்தில் எழுபதை ஒட்டிய பாட்டுகள் இருந்தன. அவற்றுள் ஈரடிகளால் ஆன உருதுப் பாட்டுகளாகிய கசல்கள் 31உம், இந்துஸ்தானி இசையின் மெல்லிய பாட்டு வகையாகிய தும்ரிகள் 9உம் எண்ணப்பட்டுள்ளன. விடிய விடியக் காத்தவராயன் கூத்துப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இந்தக் கணக்கு மலைப்பைத் தராது.

கதை எளியது. இந்திரன் அவையில் ஆடும் பச்சை நிறக் கன்னி, குல்ஃபாம் என்ற மண்ணுலக இளவரசனை விரும்பி, கரிய பூதத்தைக் கொண்டு அவனை விண்ணுலகுக்கு எடுப்பிக்கிறாள். செந்நிறப் பூதம் அதைக் காட்டிக்கொடுக்கவே, இந்திரன் குல்ஃபாமைக் காஃப் என்ற கதை மலையின் கிணற்றில் தள்ளுவித்து, அவளுடைய சிறகுகளை அறுத்துத் துரத்துகிறான். அவள் தவசிப் பெண்ணாகப் பாடித் திரிந்து, அதே அவைக்கு அழைக்கப்பட்டு, பாட்டால் அவனை மீட்கிறாள்.

பழக்கத்தை வரவுப் பாட்டிலிருந்து தொடங்குங்கள். அமானத்தின் நாடகத்திலும் ஒவ்வொரு பாத்திரமும் நுழையுமுன் அதன் வருகை பாடி அறிவிக்கப்படுகிறது. ‘ஆமத்’ என்று உருதுவில் சொல்லப்படுவது கூத்துப் பழக்கும் எங்கள் அண்ணாவிமார் சொல்லும் ‘வரவு’ தான். பிறகு பாத்திரமே முன்வந்து தான் யாரென்று பாடுவதும் கூத்தின் வழக்கமே. ஆகையால், “சபைதனில் இந்திரன் வந்தாரே” என்று பிற்பாட்டுக்காரர் எடுத்துக்கொடுக்க, இந்திரன் திரைக்குப் பின்னிருந்து அடியெடுத்து வைத்தால், மூலத்துக்கும் கூத்துக்கும் ஒருங்கே உண்மையாக இருப்பீர்கள்.

சொற்களில் மிகுந்த கவனம் வேண்டும். உருதுவில் ‘பரி’ என்பது சிறகுள்ள தேவகன்னியைக் குறிக்கும். தமிழிலோ அது குதிரை. நாங்கள் முதல் நாள் கதை சொன்னபோது, குதிரை வேடம் யாருக்கு என்று ஒரு சிறுவன் உண்மையாகவே கேட்டான். அன்றே பச்சைக்கன்னி, நீலக்கன்னி, செங்கன்னி, மஞ்சட்கன்னி என்று பெயர்களை மாற்றினோம். அவ்வாறே ‘தேவ்’ என்ற சொல் பூதத்தைக் குறிப்பது. அதைத் தேவர் என்று எழுதிவிட்டால் கதையே தலைகீழாகிவிடும். கசலை மொழிபெயர்க்க முயல வேண்டாம். ஈரடிகளாக எழுதி, ஒவ்வொரு ஈரடியின் முடிவிலும் ஒரே சொல் திரும்ப வருமாறு அமைத்தால் அதன் சாயல் போதிய அளவு வந்துவிடும். ஆர்மோனியமும் மிருதங்கமும் போதும். எழுபது பாட்டில் இருபதைத் தேர்ந்தால் ஓர் இரவுக்குக் கணக்காக இருக்கும்.

முழு உழைப்பையும் தவசிப் பெண்ணின் காட்சிக்கு வையுங்கள். அவள் பாட்டில் மயங்கிய இந்திரன் முதலில் வெற்றிலை நீட்டுகிறான்; வேண்டாம் என்கிறாள். மாலையைக் கழற்றித் தருகிறான், அதையும் மறுக்கிறாள். ஒவ்வொரு மறுப்பும் ஒரு பாட்டு. கேட்டதைத் தருவேன் என்று அவன் வாக்குக் கொடுத்த பிறகே குல்ஃபாமைக் கேட்கிறாள். இவ்விடத்தில் தாளத்தை விரைவுபடுத்தும் ஆசை எல்லோருக்கும் வரும். அண்ணாவியார் அதற்கு இடங்கொடுக்கலாகாது. வெற்றிலைத் தட்டு நீண்டபடியே இருக்க, அவள் நிலத்தைப் பார்த்து மெதுவாகப் பாடி முடிக்கும்வரை சபையும் காத்திருக்க வேண்டும்.

சிறகுகளைத் தென்னை ஈர்க்கில் பச்சைச் சேலைத்துண்டை இழுத்துக் கட்டிச் செய்யலாம். முதுகில் போடும் முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். அது கழன்ற பின் காவியுடுத்தித் திருநீறு பூச எவ்வளவு நேரம் செல்கிறது என்பதை ஒத்திகையில் மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, கிணற்றில் கிடக்கும் குல்ஃபாமின் புலம்பலை அந்த நேரத்துக்கு நீட்டி எழுதுங்கள்.