தேனீ குறைந்ததால் பரங்கித் தோட்டத்தில் எவ்வளவு நட்டம்? நீங்களே கணக்கிடும் முறை

உயிரினங்களின் மகரந்தச் சேர்க்கையால் உலகில் ஆண்டுதோறும் கிடைக்கும் விளைச்சலின் மதிப்பை 23,500 கோடி முதல் 57,700 கோடி டாலர் வரை என்று பன்னாட்டுப் பல்லுயிர் மன்றமான ஐ.பி.பி.ஈ.எஸ். 2016இல் மதிப்பிட்டது. இந்தப் பெரிய எண் ஓர் ஏக்கர் வைத்திருப்பவருக்கு எதையும் சொல்வதில்லை. 1990களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவி, பெட்டிகளில் வளர்க்கப்படும் அடுக்குத் தேனீக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றை அழித்தபோது, தேனீ வளர்ப்போரின் நட்டம் காலிப் பெட்டிகளில் கண்கூடாகத் தெரிந்தது. பக்கத்துத் தோட்டக்காரரின் நட்டமோ அப்படித் தெரிவதில்லை. "இந்தப் பட்டம் காய்ப்பு சரியில்லை" என்ற ஒரு சொல்லுக்குள் அது மறைந்துவிடும். அதை வெளியே எடுத்து ரூபாயில் எழுதிப் பார்க்க ஒரு பருவம் போதும்.

இந்தச் சோதனைக்குப் பரங்கி மிகப் பொருத்தமான பயிர். ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக இருப்பதால், பூச்சி வராவிட்டால் காய் பிடிக்காது. பெண் பூவும் ஒரே ஒரு காலைப் பொழுதுதான் திறந்திருக்கும். அடியில் சிறு பிஞ்சு இருந்தால் அது பெண் பூ.

ஒரே நாளில் விதைத்து, ஒரே அளவு நீரும் உரமும் பெற்ற 20 செடிகளை, தோட்டத்தின் ஓரம், நடு என்று கலந்து தேர்ந்தெடுங்கள். 10 செடிகளை அப்படியே பூச்சிகளுக்கு விட்டுவிடுங்கள். மற்ற 10 செடிகளில், பூக்கும் பெண் பூக்கள் அனைத்துக்கும் காலை 6 மணி முதல் 9 மணிக்குள் கையால் மகரந்தம் சேருங்கள். அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் எல்லாப் பக்கமும் படும்படி மெல்லத் தடவினால் போதும். ஒரு செடியில் சில பூக்களுக்கு மட்டும் கையால் சேர்த்து, மற்றவற்றோடு ஒப்பிடும் தவறைப் பலர் செய்கிறார்கள். செடி தன்னிடமுள்ள சத்தை நன்றாகப் பிடித்த பிஞ்சுகளுக்குத் திருப்பி, மற்றவற்றை உதிர்த்துவிடும் என்பதால், அப்படிச் செய்தால் நட்டம் உண்மையைவிடப் பெரிதாகத் தோன்றும். ஆகவே முழுச் செடியையே ஓர் அலகாகக் கொள்ள வேண்டும்.

பழ ஈயும் தண்ணீர்த் தட்டுப்பாடும் இரு பிரிவுகளையும் ஒன்றுபோலவே தாக்கும் என்பதால், இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைப் பெரும்பாலும் மகரந்தக் குறைவின் கணக்கில் எழுதலாம். அறுவடையில் ஒவ்வொரு செடியின் காய்களையும் எண்ணி எடை போடுங்கள். கோணலாகவும் ஒரு பக்கம் சூம்பியும் போன காய்களைத் தனியே எழுதுங்கள்; மகரந்தம் அரைகுறையாகச் சேர்ந்த காய்கள் அவற்றில் இருக்கும், மண்டியில் அவை குறைந்த விலைக்கே போகும்.

கணக்குக்கு ஓர் எடுத்துக்காட்டு: பூச்சிகளுக்கு விட்ட செடி சராசரியாக 8 கிலோவும், கையால் சேர்த்த செடி 12 கிலோவும் தந்ததாக வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 1,000 செடிகள் என்றால் குறைவு 4,000 கிலோ. கிலோ 10 ரூபாய் என்றால் 40,000 ரூபாய். இதை அப்படியே நட்டம் என்று எழுதக் கூடாது. அந்தக் காய்கள் விளைந்திருந்தால் ஆகியிருக்கும் பறிப்புக் கூலி, வண்டி வாடகை, கமிஷன் ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். அவை கிலோவுக்கு 3 ரூபாய் என்றால் நிகர நட்டம் 28,000 ரூபாய். உழவு, விதை, உரச் செலவுகளைக் கழிக்க வேண்டாம், ஏனெனில் காய் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அவை செலவழிந்தவையே. இதில்தான் தேனீக் குறைவின் கொடுமை இருக்கிறது: செலவு முழுதாக நிற்க, வரவு மட்டும் குறைகிறது.

இரு பிரிவுகளும் ஏறத்தாழ ஒரே அளவு காய்த்தால், உங்கள் தோட்டத்துக்குத் தேனீக்கள் இன்னும் போதுமானவை என்று பொருள். அப்போதும் சில பெண் பூக்களை முந்தின நாள் மாலையே கொசுவலைத் துணியால் மூடிப் பாருங்கள். தேனீக்கள் அறவே இல்லாமற்போனால் இழக்கப்போவது எவ்வளவு என்பதை, மஞ்சளடித்து உதிரும் அந்தப் பிஞ்சுகள் காட்டும்.

நட்டத் தொகை கையில் வந்தபின், அதைத் தீர்வின் செலவோடு ஒப்பிடுங்கள். எல்லாச் செடிகளுக்கும் கையால் சேர்ப்பதற்கான ஆள்கூலியை முதலில் எழுதுங்கள். சீனாவின் சிச்சுவான் மாநிலத்து மாவ்சியன் பகுதியில் ஆப்பிள் மரங்களுக்கு இப்படிச் செய்துவந்த உழவர்களில் பலர், கூலி உயர உயர, வேறு பயிர்களுக்கு மாறிவிட்டனர். அடுத்து, தேனீப் பெட்டிகளின் வாடகையை எழுதுங்கள். செலவே இல்லாத வழியும் ஒன்று உண்டு: காலையில் அடிக்கும் பூச்சிமருந்தை, பூக்கள் மூடிய பிறகு மாலைக்கு மாற்றுவது. முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. பெட்டி வைப்பதானால், பூக்கத் தொடங்கிய பிறகே கொண்டுவாருங்கள். முன்கூட்டியே வைத்தால் தேனீக்கள் வேறு பூக்களுக்குப் பழகிவிடும்.