ரைசோமை வளவுக்குள்ளேயே படிப்போம்: இஞ்சி, கோரை, பனை, கூழ்

தத்துவக் கட்டுரைகளில் 'ரைசோம்' வந்ததும் வாசிப்பை நிறுத்திவிடுகிறவர்கள் பலர். யாழ்ப்பாணத்தில் வளவும் மண்வெட்டியும் உள்ள ஒருவருக்கு அது எட்டாத விஷயமே இல்லை. முதலில் செடி, பிறகு தத்துவம் என்ற ஒழுங்கில் போவோம்.

படி 1: இஞ்சியையும் கரட்டையும் பக்கத்தில் வையுங்கள்

சந்தையில் நல்ல திரட்சியான இஞ்சியாக ஒன்று வாங்குங்கள். அதன் மேல் வளையம் வளையமாகத் தெரிபவை கணுக்கள். அவற்றில் காய்ந்த செதில் இலைகளும் சிறு முளைகளும் இருக்கும். கரட்டில் கணு இல்லை, ஏனென்றால் அது வேர். இஞ்சியோ மண்ணுக்குள் படுத்து வளரும் தண்டு. பாடப்புத்தகம் சொல்லும் வேர்த்தண்டுக்கிழங்கு, அதாவது ரைசோம், இதுதான். மஞ்சளும் அப்படியே.

படி 2: நடுங்கள்

இரண்டு மூன்று முளை இருக்கும்படி துண்டாக்கி, வெட்டிய இடம் காயும்வரை ஓரிரு நாள் நிழலில் வையுங்கள். உரப்பையில் செம்மண், மணல், உக்கிய மாட்டெரு கலந்து நிரப்பி, முளை மேலே பார்க்க 2 அங்குல ஆழத்தில் வையுங்கள். அரை நிழல் போதும். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். அறுவடைக்கு 8 முதல் 10 மாதம் ஆகும். ஆனால் நாலாம் மாதமளவில் மேல்மண்ணை மெல்ல ஒதுக்கிப் பாருங்கள்: கிழங்கு பக்கவாட்டில் விரிந்துகொண்டிருக்கும்.

படி 3: கோரையைக் கிண்டுங்கள்

இந்தப் படியை மட்டும் தவறவிடாதீர்கள். வெங்காயப் பாத்தியில் கோரை பிடுங்கியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். புல்லை இழுத்தால் மேல்பாகம் மட்டும் கையோடு வரும். அதனால் சுற்றி அகலமாக வெட்டி, மண்ணோடு தூக்கி, வாளித் தண்ணீரில் கழுவுங்கள். சிறு கிழங்கு, அதிலிருந்து மெல்லிய தண்டு, அதன் முனையில் இன்னொரு கிழங்கு என்று சங்கிலி போலத் தெரியும். இதில் எது தாய்க் கிழங்கு என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். சங்கிலியை எங்கே அறுத்தாலும், மிஞ்சிய கிழங்குகள் தனித்தனியாக முளைக்கும்.

படி 4: பனையை அண்ணாந்து பாருங்கள்

பனை பொதுவாகக் கிளைவிடாது. வளரும் முனை உச்சியில் ஒன்றே ஒன்று. அந்தக் குருத்தை வெட்டினால் மரம் பட்டுப்போகும். சரி, இப்போது ஒரு கேள்வியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்: எதை வெட்டினால் முழுதும் சாகும்? பனையில் அந்த இடத்தைக் காட்டலாம், கோரையில் முடியாது.

பிரெஞ்சுச் சிந்தனையாளர்கள் ஜில் தெலூஸும் ஃபெலிக்ஸ் குவாத்தாரியும் 1980இல் வெளியிட்ட 'ஆயிரம் பீடபூமிகள்' நூலின் முன்னுரையில் பேசுவது இந்த வேறுபாட்டைத்தான். ஒரு வேர், ஒரு அடிமரம், அதிலிருந்து கிளைகள் என்று அறிவை அடுக்கும் பழக்கத்தை அவர்கள் மரத்தோடு ஒப்பிட்டார்கள். ரைசோமில் எந்தப் புள்ளியும் எந்தப் புள்ளியோடும் சேரலாம், எங்கிருந்தும் உள்ளே நுழையலாம், அறுந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம். உருளைக்கிழங்கையும் அவர்கள் ரைசோம் என்கிறார்கள். தாவரவியலில் அது முகிழ் (தண்டு பருத்து உண்டாகும் கிழங்கு), ரைசோம் அல்ல.

படி 5: ஒடியல் கூழுக்கு வரைபடம் போடுங்கள்

பெரிய தாளில் ஒடியல் மா, நண்டு, மரவள்ளி, பலாக்கொட்டை, செத்தல் மிளகாய், பழப்புளி, முருங்கை இலை என்று சிதறலாக எழுதுங்கள். ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, எதோடு சேர்கிறது என்று கோடு இழுங்கள். மரவள்ளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள், நண்டு நம் கடலிலிருந்து வருகிறது. நண்டு கிடைக்காத நாளில் மீனோ இறாலோ போட்டாலும் கூழ் கூழ்தான். இனி அந்தப் பழைய கேள்வியைக் கேளுங்கள். மாவை எடுத்துவிட்டால்? ஒடியல் கூழ் அங்கேயே முடிந்தது. அந்த மா வருவதும் பனங்கிழங்கிலிருந்து!

ஆகவே ரைசோம் போலத் தெரிந்த உங்கள் கூழ் வரைபடத்துக்குள் ஒரு மரம் நிற்கிறது. இதில் தவறு ஒன்றும் இல்லை. ரைசோமுக்குள் மர முடிச்சுகள் உண்டு, மரவேரிலும் ரைசோம் முளைவிடும் என்று தெலூஸும் குவாத்தாரியுமே எழுதியிருக்கிறார்கள். வலை போலத் தெரிகிற எல்லாவற்றுக்கும் ரைசோம் என்று பெயர் வைப்பது எனக்கு உடன்பாடில்லாததும் இதனால்தான். அடுத்த தாளில் உங்கள் ஊர்ச் சங்கத்தையோ, கோயில் திருவிழா வேலைகளையோ வரைந்து, குருத்து எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.