சைக்கிள் கழகத்தில் சேருமுன்: நாங்கள் விழுந்த இடங்கள்

சைக்கிள் கால்சட்டைக்குள் ஜட்டி போடக்கூடாது. எடுத்த எடுப்பிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் கழகத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லாமலே எட்டு மாதம் ஓடிவிட்டது. அந்தப் பஞ்சு வைத்த கால்சட்டை வெறும் உடம்போடு ஒட்டி உட்கார வேண்டும் என்றுதான் தைக்கப்படுகிறது. உள்ளே இன்னொன்று போட்டால் அதன் தையல் விளிம்பு வியர்வையில் ஊறி, இருபது கிலோமீட்டர் உரசினால் என்ன ஆகும் என்று எங்கள் ஓய்வுபெற்ற வாத்தியாரைக் கேட்டால் தெரியும். மனிதர் ஒவ்வொரு ஞாயிறும் சைக்கிளை விட்டு இறங்கியதும் காலை அகட்டி அகட்டி நடந்துதான் நாங்கள் பசியாறும் ஒட்டுக்கடைக்குள் நுழைவார். நாங்கள் மூட்டுவலி என்று நினைத்துக்கொண்டோம். ஒருவர் பரிதாபப்பட்டுத் தைலம்கூட வாங்கிக் கொடுத்தார். வாத்தியார் அதை எங்கே தடவினார் என்று கேட்காதீர்கள், அன்று இரவு அவர் தூங்கவில்லை.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பீடோரைச் சுற்றியுள்ள தோட்டச் சடக்குகளில் (சாலைகளில்) ஓட்டும் பதினான்கு பேர் நாங்கள். லாரி ஓட்டுநர், செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்கர், தாதி அக்கா ஒருவர், இரும்புச் சாமான் கடை மாமா, இடைநிலைப்பள்ளிப் பையன்கள் இரண்டு பேர், இப்படிக் கலவையாக. இத்தனை நாளில் நாங்கள் செய்த தவறுகளை எண்ணிப் பார்த்தால், ஓட்டத் தெரியாமல் செய்தவை கொஞ்சம்தான். கேட்க வெட்கப்பட்டதால் நடந்தவையும், தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொண்டதால் நடந்தவையும்தான் பாக்கி எல்லாம். நாற்பது வயதுக்கு மேல் ஓர் ஆள் வாயைத் திறந்து "இதை எப்படி மாட்டுறது?" என்று கேட்பானா? மாட்டான். போய் விழுவான்.

முதலில் நேரம். புலன (வாட்ஸ்அப்) குழுவில் காலை 6.45 என்று போட்டால் சிலருக்கு அது எழுந்திருக்கும் நேரம். அதனால் 6.45க்கு வருபவர்களையும் 7.15க்கு வருபவர்களையும் சமாளிக்க 6.15 என்று பொய் சொல்லிப் பார்த்தோம். ஒழுங்காக வரும் தாதி அக்கா மட்டும் இருட்டில் கோயில் வாசலில் தனியாக நின்றதுதான் மிச்சம். பொய் நேரம் போடாதீர்கள். குறித்த நேரத்துக்குக் கிளம்பிவிடுங்கள், இரண்டு ஞாயிறு விட்டுவிட்டுப் போனால் மூன்றாவது ஞாயிறு ஆள் தானாக வந்து நிற்பார்.

இருட்டு என்றதும் விளக்கு. 1982 புத்தாண்டிலிருந்து நம் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி, கிழக்கு மலேசியாவின் சபா, சரவாக்கோடு சேர்த்துவிட்டார்கள், அதனால் இங்கே ஏழு மணிக்கு முன்னால் சூரியனைப் பார்ப்பது அபூர்வம். 6.45க்குக் கிளம்பினால் விளக்கு கட்டாயம். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்காதீர்கள். எங்கள் கிராணி அண்ணன் மாற்றி மாட்டிக்கொண்டு ஒரு மாதம் ஓட்டினார். பின்னால் காரில் வந்த ஒரு சீனக் கிழவர், இவர் எதிரே வருகிறார் என்று நினைத்துக் கண்ணைக் கூசியபடியே ஓரமாக நிறுத்திக்கொண்டு, இவர் வந்து தாண்டுவதற்காகப் பொறுமையாகக் காத்திருந்தாராம். இவரோ தூரம் தூரமாகப் போய்க்கொண்டிருந்தார்.

காற்று விஷயத்துக்கு வருவோம், இதில்தான் எங்களுக்கு அதிகம் காசு போனது. டயர் பக்கவாட்டில் 'அதிகபட்சம் 120 பிஎஸ்ஐ' (காற்றழுத்த அளவு) என்று அச்சடித்திருந்தால் அது எல்லை, அதற்கு மேல் ஏற்றாதே என்று அர்த்தம். எங்கள் ஆட்கள் அதைப் பரீட்சை மார்க் மாதிரி எடுத்துக்கொண்டார்கள். 52 கிலோ எடையுள்ள பையனும் 120, 95 கிலோ லாரி அண்ணனும் 120. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் உழுதுபோட்ட சடக்கில் அவ்வளவு கெட்டியான டயரில் போனால் பல் ஆடும், சக்கரம் தரையைப் பிடிக்காமல் துள்ளும். 28 மில்லிமீட்டர் டயர் என்றால் எங்கள் அனுபவத்தில் மெலிந்த ஆளுக்கு 60 வாக்கில் போதும், லாரி அண்ணன் மாதிரி உடம்புக்கு 85, 90. அதற்காக ஒரேயடியாக இறக்கிவிடவும் கூடாது, குழியில் இறங்கும்போது ட்யூபு ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். அப்புறம், பெட்ரோல் நிலையத்துக் காற்றுக் குழாய் மெல்லிய பிரெஸ்டா வால்வில் மாட்டாது, அதற்கு ஒரு சின்னப் பித்தளைத் தலை வேண்டும், சில ரிங்கிட்தான். கழகத்தில் எட்டுப் பேரிடம் அது இருக்கிறது. எட்டும் வீட்டில் இருக்கிறது.

ட்யூபு மாற்றுவதைப் பற்றி ஒரு காட்சியாகவே சொல்ல வேண்டும்.

லங்காப் பக்கம் போகும் வழியில் லாரி அண்ணனின் பின் டயர் இறங்கிவிட்டது. சைக்கிளைக் கவிழ்த்து, சக்கரத்தைக் கழற்றி, ஆளுக்கொரு யோசனை சொல்லி, புது ட்யூபைப் போட்டுக் காற்றடித்தோம். இருநூறு மீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம், மறுபடி இறங்கிவிட்டது. ட்யூபு மட்டம், அந்தத் தவுக்கே பழைய சரக்கைத் தள்ளிவிட்டான் என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு இரண்டாவது ட்யூபு. அது டயருக்குள் போய் உட்கார்ந்து, காற்றடிக்கும்போதே சீறியது. மூன்றாவது ட்யூபு வாத்தியாருடையது, அவர் அதைக் கொடுக்கும்போது முகம் சரியில்லை. வெயில் ஏறிவிட்டது, எல்லோர் கையிலும் கரி. அதுவும் போனது. அப்போதுதான் ஓரமாகச் செம்மண்ணில் குந்தியிருந்த பதினைந்து வயதுப் பையன் மெதுவாக எழுந்து வந்து, டயரின் உட்புறத்தில் கட்டைவிரலை ஒரு சுற்று ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தி, நகத்தால் கிள்ளி ஒரு கருப்பு முள்ளை வெளியே எடுத்தான். அரை அங்குலம் இருக்கும். செம்பனை மட்டையின் அடிப்பக்கம் இரண்டு ஓரத்திலும் வரிசையாக நிற்குமே, அந்த முள்.

"ஏன்டா, உனக்குத் தெரியும்னா முதல்லயே சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்கள்லாம் பெரியவங்க, பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன்ணே."

முப்பது வருடம் தோட்டத்தில் வேலை செய்யும் கிராணி அண்ணன் அன்றைக்கு முழுக்க யார் கண்ணையும் பார்க்கவில்லை. ஆக, ட்யூபு மாற்றுமுன் டயருக்குள் விரலை விட்டுத் தடவுங்கள், மெதுவாக, முள் விரலில் ஏறாத மாதிரி. பழைய ட்யூபில் ஓட்டை எங்கே என்று பார்த்து, டயரில் அதே இடத்துக்கு நேராகத் தேடினால் இன்னும் சுலபம். கழகத்தில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களைப் பேச விடுங்கள்.

கூட்டமாக ஓட்டும்போது நடக்கும் கூத்து வேறு. முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வதால் பின்னால் ஒட்டி வருபவருக்குக் கால்வாசி வேலைக்கு மேல் மிச்சம், அதனால்தான் மாறி மாறி முன்னால் போவது வழக்கம். அதில் முறை இருக்கிறது. நம் நாட்டுச் சைக்கிள் பந்தய வீரர் அசிசுல்ஹாஸ்னி அவாங், 2016 ரியோவில் வெண்கலமும் தோக்கியோவில் வெள்ளியும் வாங்கியவர், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கெய்ரின் போட்டியின் முதல் சுற்றிலேயே வெளியேற்றப்பட்டது ஞாபகம் இருக்கும். கெய்ரினில் முதல் சில சுற்றுக்கு ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் முன்னால் போகும், அது விலகுமுன் யாரும் அதைத் தாண்டக்கூடாது. அவர் தாண்டிவிட்டார், அவ்வளவுதான். உலக சாம்பியனுக்கே அந்தக் கதி என்றால் இரும்புக் கடை மாமாவை என்ன சொல்ல? முன்னால் போகும் ஆளின் பக்கத்தில் போய்த் தன் சக்கரத்தை ஒரு சாண் முன்னால் நீட்டாவிட்டால் அவருக்கு ஆகாது. அவர் நீட்ட, இவர் விட்டுக்கொடுக்காமல் மிதிக்க, சாவகாசமாக ஓட்ட வந்த கூட்டம் பத்து நிமிடத்தில் நாக்குத் தள்ளிப் போய்விடும். முன்னால் போகிறவருக்குப் பக்கத்தில் போனால் கைப்பிடிக்குக் கைப்பிடி நேராக இருங்கள். பின்னால் போனால் நேர் பின்னால் போங்கள், அவர் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உங்கள் முன்சக்கரத்தை நுழைக்காதீர்கள், அவர் லேசாக ஒதுங்கினாலும் விழப்போவது நீங்கள்தான்.

குழி, கல், நாய் எதைப் பார்த்தாலும் ஒரே சொல்லில் கத்துங்கள். எங்கள் வாத்தியார் இலக்கணச் சுத்தமானவர். "முன்னால் வலப்பக்கமாக ஒரு பள்ளம் இருப்பதுபோல் தெரிகிறது, பார்த்து வாருங்கள்" என்று அவர் முடிப்பதற்குள் மூன்று பேர் அதில் இறங்கி ஏறிவிட்டார்கள். இப்போது "லோபாங்!" என்று ஒரு சத்தம், விரல் கீழே. மலாய்ச் சொல்தான், யாருக்கும் புரியாமல் போனதில்லை. வாத்தியார் இன்னும் "பள்ளம்" என்றுதான் சொல்கிறார், ஆனால் ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்.

காலணியை மிதிகட்டையில் பூட்டிக்கொள்ளும் அந்த வகைப் பெடல் வாங்கினால் நீங்கள் விழுவீர்கள். எல்லோரும் விழுந்தோம். வேகமாகப் போகும்போது யாரும் விழுவதில்லை, நிற்கும்போதுதான். சமிக்ஞை விளக்கில் நின்று, காலைத் தரையில் வைக்கலாம் என்று நினைத்து, கால் வராமல், வெட்டிய வாழைமரம் மாதிரி மெதுவாகச் சாய்வது. நான் விழுந்தது ஒட்டுக்கடைக்கு நேர் எதிரே, உள்ளே ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவர் கையில் மாவோடு ஓடிவந்து தூக்கினார், என் முதுகில் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்தது. நிற்பதற்கு முப்பது மீட்டர் முன்னாலேயே ஒரு காலை விடுவித்துக்கொள்ளுங்கள். பெடலில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும், அதைத் தளர்த்தி வைத்துப் பழகுங்கள். முதல் வாரம் திடல் புல்லில் ஓட்டுங்கள், ஆட்கள் பந்து விளையாடாத நேரத்தில்.

இருக்கை உயரம்: குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். தாழ்வாக வைத்து ஓட்டினால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும். சங்கிலிக்குச் சமையல் எண்ணெய் ஊற்றாதீர்கள், பிசுபிசுத்துச் செம்மண்ணை எல்லாம் அள்ளிக்கொள்ளும். தோட்டத்து நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நில்லுங்கள், பாதி நாய்க்கு ஆர்வம் போய்விடும். மாடு நின்றால் மாட்டுக்கு வழி விடுங்கள், அதற்கு அவசரம் இல்லை. மழைக்குப் பிறகு செம்பனைப் பழம் நசுங்கிக் கிடக்கும் வளைவில் பிரேக் பிடிக்காதீர்கள், வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

பசியாறுவது பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. முப்பது கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினால் செலவாவது 700 கலோரி சுமார். ஒரு ரொட்டி சானாய் 300. மூன்று ரொட்டி, கெட்டிப் பால் ஊற்றிய தே தாரிக் ஒன்று, "ஓட்டிட்டுதானே வந்தோம்" என்று இன்னொன்று, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் கழகத்தில் முதல் வருடம் சராசரியாக எல்லோருக்கும் இடுப்பு கூடியது, தாதி அக்கா தராசு கொண்டுவந்து நிறுத்தினார். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு, மலை ஏறப் போகிற அன்று வெறும் வயிற்றில் வருவது. தாப்பாவிலிருந்து கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர், உயரம் 1,400 மீட்டருக்கு மேல், பெரும்பாலும் ஏற்றம்தான். அங்கே போகும்போது தின்னாமல் போனால் லாத்தா இஸ்கந்தார் அருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழ வேண்டியதுதான். அரை மணிக்கு ஒருமுறை ஏதாவது வாயில் போடுங்கள், வாழைப்பழம் போதும், பசிக்கும்வரை காத்திருக்காதீர்கள்.

அந்த மலைப் பயணத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதுவும் அடிக்கடி நடக்கிற தவறுதான். ஸ்ட்ராவா என்ற கைப்பேசிச் செயலியில் பயணத்தைப் பதிவு செய்பவர்கள், சைக்கிளை வண்டியில் ஏற்றியதும் பதிவை நிறுத்திவிடுங்கள். இரும்புக் கடை மாமா அருவி தாண்டியதும் முட்டி பிடித்துக்கொண்டது என்று, பின்னால் மகன் ஓட்டிவந்த தன் ஹைலக்ஸில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு ஏறிவிட்டார். கைப்பேசி சட்டைப் பையில் ஓடிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் பார்த்தால் அந்த ஏற்றத்தில் மணிக்கு 54 கிலோமீட்டர், பட்டியலில் முதல் இடம், தலைக்கு மேல் கிரீடம். அழித்துவிடுங்கள் மாமா என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். யோசிக்கிறேன் என்றார். இரண்டு நாள் கழித்து ஈப்போவிலிருந்து யாரோ முன்பின் தெரியாத பையன் வாயைப் பிளந்துபோய், எந்த அணிக்கு ஓட்டுகிறீர்கள் ஐயா என்று அதன் கீழே கேட்டிருந்தான். மாமா பதில் போட்டிருந்தார்: "அணியெல்லாம் இல்லை தம்பி. சொந்த வண்டிதான்."