நியண்டர்தால் மரபணுச் செய்திகளை எப்படிப் படிப்பது

மரபணுப் பரிசோதனை அறிக்கையிலோ நாளிதழிலோ ‘உங்களுள் 2 சதவீதம் நியண்டர்தால்’ என்று கண்டால், அது எதைக் குறிக்கும் 2 என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அழிந்துபோன மனித இனமான நியண்டர்தால்களும் நாமும் ஐந்து லட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட பொது மூதாதையரிடமிருந்து பிரிந்தவர்கள் என்பதால், நம் டிஎன்ஏவும் அவர்களுடையதும் 99 சதவீதத்துக்கு மேல் ஒன்றே. அறிக்கை சொல்லும் 2 சதவீதமோ, பிரிந்த இரு கிளைகளும் ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு முன் மீண்டும் கலந்தபோது வந்து சேர்ந்த பகுதி மட்டுமே.

அடுத்து, எந்த டிஎன்ஏ ஆராயப்பட்டது என்று பாருங்கள். 1997-இல், தாய்வழியில் மட்டும் கடத்தப்படும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை ஆராய்ந்தபோது கலப்புக்கான தடயமே தென்படவில்லை. 2010-இல் குரோஷியாவின் விண்டியா குகை எலும்புகளிலிருந்து முழு மரபணுத்தொகையின் வரைவு வெளியான பிறகே, ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழ்வோரிடம் அந்தக் கலப்பு இருப்பது தெரிந்தது.

சதவீதத்தைவிட அதிகம் சொல்வது நியண்டர்தால் டிஎன்ஏ துண்டின் நீளம் என்பதே என் உறுதியான கருத்து. ஒவ்வொரு தலைமுறையிலும் குரோமோசோம் இணைகள் தமக்குள் பகுதிகளை மாற்றிக்கொள்வதால், கலப்பில் வந்த துண்டு காலப்போக்கில் குறுகிக்கொண்டே போகும். ருமேனியாவின் ஒவாசே குகையில் கிடைத்த, சுமார் 40,000 ஆண்டுகள் பழமையான தாடை எலும்புக்குரியவரிடம் 6 முதல் 9 சதவீதம் நியண்டர்தால் டிஎன்ஏ இருந்தது. ஆயினும் துண்டுகள் மிக நீளமாக இருந்ததால்தான், அவருடைய எள்ளுத்தாத்தா பாட்டி வரிசையிலோ அதற்கு ஓரிரு படி மேலேயோ ஒரு நியண்டர்தால் இருந்தார் என்று கணிக்க முடிந்தது.

நோயோடு தொடர்புபடுத்தும் செய்திகளுக்கும் இதே அளவுகோலைப் பயன்படுத்துங்கள். கோவிட் தீவிரமடையும் வாய்ப்பைக் கூட்டும், 3-ஆவது குரோமோசோமில் உள்ள ஒரு துண்டு நியண்டர்தால்களிடமிருந்து வந்தது என்பதை 2020-இல் மரபணு ஆய்வாளர்கள் ஹூகோ செபெர்கும் ஸ்வாண்டே பாபோவும் விண்டியா நியண்டர்தாலுடன் ஒப்பிட்டுக் காட்டினர். தெற்காசியரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் அது உள்ளது என்பதால் நமக்கும் இது நெருக்கமான செய்தி. அதன் நீளம் சுமார் 50,000 டிஎன்ஏ எழுத்துகள். பொது மூதாதையர் காலத்திலிருந்தே வந்திருந்தால் இவ்வளவு நீளம் சிதையாமல் எஞ்சியிருக்காது என்பதால், கலப்பில் வந்தது என்று முடிவு செய்தனர்.

அந்தத் துண்டு இருப்பதாலேயே ஒருவருக்கு நோய் முற்றிவிடும் என்று எழுதும் செய்தியை நம்ப வேண்டாம். முதுமையும் பிற நோய்களும் அதில் பெரும்பங்கு வகிக்கின்றன. மேலும், 12-ஆவது குரோமோசோமில் உள்ள மற்றொரு நியண்டர்தால் துண்டு, அதே நோய் தீவிரமடையும் வாய்ப்பைக் குறைக்கிறது.